கல்லிலே பெயர் உள்ளோரும் இல்லாதோரும்

 

குளிர்காலத்திலே நுவரெலியாவுக்குச் சுற்றுலாப் போகின்ற குடும்பங்கள் கிரகரி வாவியைப் பார்க்கின்றன. ஹக்கலைப் பூங்காவைச் சுற்றி வருகின்றன. கரட்டும் லீக்ஸும் ஸ்ட்ரோபரிப் பழமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றன. அந்தப் பக்கத்திலே பார்க்க வேண்டிய வேறோர் இடமும் இருக்கிறது. அங்கே கூட்டமில்லை, கடையில்லை, வந்தவரை வரவேற்க யாரும் எழுந்து வரவும் மாட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழைய மயானங்களைத்தான் சொல்கிறேன். இந்த மாதம் அந்தக் கற்களைப் பற்றியும், கற்கள் இல்லாமல் அதே மலைகளில் அடங்கியிருப்போரைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மாற்று மதத்தவரின் மயானத்திலே நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அங்கே நாம் யாஸீன் ஓதப் போகவில்லை, பாடம் படிக்கப் போகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆரம்பத்தில் கபுறு ஸியாரத்தைத் தடுத்திருந்து, பின்னர் அனுமதித்தார்கள். அது மரணத்தையும் மறுமையையும் நினைவூட்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். தம் தாயாரின் கபுறுக்குச் சென்று தாமும் அழுது, உடனிருந்தோரையும் அழச் செய்தார்கள் என்று முஸ்லிம் கிரந்தத்திலே வருகிறது. ஒருமுறை ஒரு யூதருடைய பிரேதம் கடந்து சென்றபோது அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டது. அதுவும் ஓர் உயிரல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள். எந்த மதத்தவரின் மயானமானாலும் அதற்குள் நுழையும் மனிதன் எந்த மனநிலையோடு நுழைய வேண்டும் என்பதற்கு இது போதும். கல்லறை மேல் உட்காருவதும், சாய்ந்து நின்று படம் எடுப்பதும், பிள்ளைகளை ஓடிப்பிடித்து விளையாட விடுவதும் நமக்கு அழகல்ல.

பெண்கள் மையவாடிக்குப் போவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒப்பாரிக்கும் பதற்றத்துக்கும் அஞ்சி மக்ரூஹ் என்றவர்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் ஆகும் என்றவர்களும் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கபுறை ஸியாரத் செய்ததும், கபுறுவாசிகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நபியவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொண்டதும் ஹதீஸ்களிலே வந்திருக்கின்றன. உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டு அதன்படி நடவுங்கள். போக முடியாதவர்கள் இந்தப் பக்கத்தின் வழியாக என்னோடு வாருங்கள்.

யானைகளை எண்ணியவர்

நுவரெலியாவில் கோல்ப் திடலை ஒட்டிப் பழைய மயானம் ஒன்று இருக்கிறது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். ஜனவரி மாதத்து விடியலில் புல் நுனியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். பனி கடுமையான நாட்களில் தேயிலைக் கொழுந்துகூடக் கருகிவிடும். அப்படியொரு காலையிலே மாணவர் சிலரோடு அங்கே போனேன். கற்களிலே பாசி படர்ந்திருந்தது. பல எழுத்துகளை விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது.

அங்கே அடங்கியிருப்போரில் பெயர் பெற்றவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளைப் பகுதியில் அதிகாரம் செலுத்திய இராணுவ அதிகாரி. மலைநாட்டிலே பாதைகள் போட்டவர். ஆனால் அவர் நினைக்கப்படுவது பாதைகளுக்காக அல்ல. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்பதே அவருடைய புகழ். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளை வாடிவீட்டிலே மின்னல் தாக்கி இறந்துபோனார். அவருடைய கல்லறைக் கல்லிலும் பின்னர் இடி விழுந்ததாக ஊரார் சொல்வார்கள். யானைகளின் சாபம் என்பாரும் உண்டு. அந்தத் தீர்ப்பு நமக்கு வேண்டாம். இடி நல்லவர் மேலும் விழும். ஆயினும் ஒன்றை யோசிக்கலாம். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று ஒருவர் எண்ணிக்கொண்டே போகிறார். எண்ணிக்கை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நிறுத்தியது அவரல்ல.

நம் பிள்ளைகள் ‘அத்தகாஸுர்’ சூறாவைச் சிறு வயதிலேயே மனனம் செய்கிறார்கள். அதிகம் சேர்க்கும் போட்டி மனிதனை மண்ணறைக்குப் போகும் வரைக்கும் பராக்காக்கிவிடுகிறது என்பது அதன் கருத்து. நம் வீட்டிலே யானையை யாரும் எண்ணுவதில்லை. காப்பை எண்ணுகிறோம், சாரியை எண்ணுகிறோம், சம்பந்தி வீட்டார் கொண்டுவந்த தட்டுகளை எண்ணுகிறோம். சூறா ஒன்றுதான்.

பெட்டியோடு வந்தவர்கள்

நுவரெலியாவிலிருந்து இறங்கி ஹட்டன், டிக்கோயா வழியாக வந்தால் வார்லி தேவாலயம் இருக்கிறது. 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்த சரிவிலே கல்லறைகள். அந்தக் காலத்துத் துரைமாரும் அவர்கள் மனைவிமாரும் பிள்ளைகளும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பழைய மயானங்களிலே நெஞ்சைப் பிடிப்பவை சின்னக் கற்கள்தான். சில மாதங்களே வாழ்ந்த குழந்தை, பேற்றிலே போன இளந்தாய். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பங்களாவுக்கும் லயத்துக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாமார் உங்களில் இருக்கிறீர்கள். அந்தக் கல்லை நட்டவளின் மொழியை நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை. அவள் வலி உங்களுக்கு விளங்கும்.

இன்னும் மேலே போனால் பொகவந்தலாவை. அங்கே சென் மேரிஸ் தேவாலய வளவிலே ஒரு தம்பதியர் அடங்கியிருக்கிறார்கள். மனைவி ஜூலியா மார்கரெட் கமரோன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதிலே மகள் பரிசாகக் கொடுத்த கமராவைக் கையில் எடுத்து, உலகம் போற்றும் படப்பிடிப்பாளர் ஆனவர். விஞ்ஞானி டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படம் பிடித்தவர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரோன் சட்ட அறிஞர். இலங்கைச் சரித்திரம் படித்தவர்கள் கோல்புறூக் - கமரோன் குழுவை அறிவீர்கள். இராசகாரியம் எனும் கட்டாய ஊழியம் ஒழிய வழி செய்த அந்தக் குழுவின் கமரோன் இவர்தான். 1875இல் இருவரும் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குக் குடிவந்தார்கள். கோப்பித் தோட்டங்கள் அவர்களுக்கு இங்கே இருந்தன. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெய்ர்ன் தோட்டத்திலே ஜூலியா இறந்தார். மறுவருடம் கணவரும் இறந்தார்.

அவர்கள் கப்பலேறியபோது தங்களுக்கான பிரேதப் பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லிவந்திருக்கிறார்கள். கேட்க வியப்பாக இருக்கிறதா? நம் மூத்தம்மாமார் ஹஜ்ஜுக்குப் போய் வரும்போது ஸம்ஸம் தண்ணீரில் நனைத்த கபன் துணியைக் கொண்டுவந்து அலுமாரியின் அடித்தட்டிலே மடித்து வைத்ததை நினைத்துப் பாருங்கள். பெருநாளைக்குப் புதுத்துணி எடுக்க அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். மரணத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு பயமில்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இதிலே இன்னொன்றும் உண்டு. ஜூலியா அம்மையார் இலங்கையிலும் படம் பிடித்தார். நம் தோட்டத்து மக்களையும் பிடித்தார். சீமையிலே அவர் எடுத்த படங்களில் உள்ள பெரியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. இங்கே எடுத்த படங்களில் இருப்போர் பலரின் பெயர் தெரியவில்லை. கூலியாள், கிராமத்தார், இளம் பெண் என்ற அளவிலே நின்றுவிட்டது. முகம் இருக்கிறது, கண் நம்மைப் பார்க்கிறது, பெயர் இல்லை. அவள் யாருடைய மகள்? யாருக்கு உம்மா?

பெட்டியைச் சுமந்த இருபத்து நான்கு பேர்

இதே கதையைக் கண்டியிலும் காணலாம். மஹையாவை மயானத்திலே ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் பதின்ம வயதிலே வந்து, லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை நட்டவர். இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பியிலே இலைநோய் விழுந்தது. கோப்பி அழிந்து, அவர் நட்ட தேயிலை நாடெங்கும் பரவியது. நாம் காலையிலே குடிக்கும் தேத்தண்ணியின் தொடக்கம் அது. 1892 மே 2ஆம் திகதி வயிற்றுக் கடுப்பினால் இறந்தார். ஆஜானுபாகுவான மனிதர். அவரது பெட்டியைப் பன்னிருவர் பன்னிருவராக இருபத்து நான்கு பேர் மாறிமாறித் தோளிலே சுமந்து, மலைப்பாதையிலே நடந்தே கண்டிக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

டெய்லரின் பெயர் கல்லிலே இருக்கிறது. அந்த இருபத்து நான்கு பேரும் எங்கே அடங்கினார்கள்?

கல் இல்லாதவர்கள்

1820களிலிருந்து தமிழகத்தின் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மக்கள் தோணியேறி மன்னார்க் கரையிலே இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் ஏறக்குறைய 150 மைல் நடை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலே விழுந்தவர்களுக்குக் குழி தோண்டக்கூட ஆளிருக்கவில்லை. 1841க்குப் பிந்திய சில ஆண்டுகளில் மட்டும் வந்தவர்களிலே எழுபதாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று 1849இல் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்று மதிப்பிட்டது. 2023இல், மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் பலர் அந்தப் பாதையைக் கால்நடையாகவே நடந்து அவர்களை நினைவுகூர்ந்தார்கள்.

மலையேறிச் சேர்ந்தவர்கள் காடு வெட்டினார்கள், கொழுந்து பறித்தார்கள், லயத்திலே வாழ்ந்து தோட்டத்து மண்ணிலேயே அடங்கினார்கள். தேயிலைத் தூர் ஒவ்வொன்றின் கீழும் ஒருவர் உறங்குகிறார் என்று மலையகத்திலே சொல்வார்கள். மேட்டின் மேல் இரண்டு பருவமழை பெய்தால் மண் தணிந்துவிடும். புல் மூடிவிடும். அவர்களிலே இந்துக்களே அதிகம். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1964இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னால் பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெட்டியும் பாயும் பாத்திரமும் தலைமன்னார்க் கப்பலிலே ஏறின. தாய் தகப்பனின் குழிகளை ஏற்ற முடியவில்லை. நீலகிரியிலே குடியேறிய அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு இங்கே எந்த மலையில், எந்த ஆற்றோரத்தில் தம் பெரியவர்கள் கிடக்கிறார்கள் என்று காட்ட யார் இருக்கிறார்கள்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் எடுக்கப்படவே இல்லை. குடியிருந்த இடமே குழியாகிவிட்டது.

நம் சமுதாயமும் இதை அண்மையிலே ருசித்தது. 2020 ஏப்ரலிலிருந்து கொரோனாவிலே மௌத்தானவர்களை எரிக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருந்தது. எத்தனையோ ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன, பச்சைக் குழந்தை உட்பட. அந்தக் குடும்பங்களுக்கு ஸியாரத்துக்குப் போக ஒரு பிடி மண்ணில்லை. 2021 பெப்ரவரியிலே அடக்க அனுமதி கிடைத்த பின்னர் நாடெங்குமிருந்து ஜனாஸாக்கள் கிழக்கே ஓட்டமாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஒரு வருடத்திலே 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லா மதத்தவரும் அங்கே இருக்கிறார்கள். 2024 ஜூலையிலே அரசாங்கம் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்டது. கபுறு என்று ஓரிடம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த நாட்களிலே நாம் கற்றுக்கொண்டோம். அந்த ஆறுதல் தோட்டத்து ஏழைக்கும் வேண்டும் என்பதை அதோடு சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

மீஸான் கல் எதற்காக?

அப்படியானால் எல்லாருக்கும் பெரிய கல் நட வேண்டுமா? அதுவல்ல நம் மார்க்கம் சொல்வது. கபுறுக்குச் சாந்து பூசுவதையும், அதன் மேல் கட்டடம் எழுப்புவதையும், அதன் மேல் உட்காருவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். எழுதுவதைத் தடுத்த அறிவிப்பும் திர்மிதியிலே உண்டு. ஆனால் அடையாளத்தை அவர்கள் தடுக்கவில்லை. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் அடக்கப்பட்டபோது ஒரு கல்லைக் கொண்டுவரச் சொன்னார்கள். சென்றவரால் அதைத் தூக்க முடியவில்லை. நபியவர்களே போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தூக்கிவந்து தலைமாட்டிலே வைத்தார்கள். தம் சகோதரரின் கபுறை அறிந்துகொள்வதற்கும், தம் குடும்பத்தில் மௌத்தாவோரை அருகிலே அடக்குவதற்கும் என்று காரணமும் சொன்னார்கள். இது அபூதாவூதிலே இருக்கிறது.

மீஸான் கல்லின் வேலை இவ்வளவுதான். உள்ளே இருப்பவரின் பெருமையை அது பேச வேண்டியதில்லை. வெளியே இருப்பவர் தம் கடமையை மறந்துவிடாதிருக்க அது ஓர் அடையாளம்.

பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் மௌத்தானார். சின்ன விஷயம் என்று எண்ணி நபியவர்களுக்குத் தெரிவிக்காமலே அடக்கிவிட்டார்கள். காணவில்லையே என்று நபியவர்கள் விசாரித்தார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கபுறைக் காட்டச் சொல்லி, அங்கே நின்று தொழுவித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகின்ற இந்த ஹதீஸைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். கூட்டிப் பெருக்கிய ஒரு பெண், உலகத்தின் தலைவர் தேடுமளவுக்குப் பெரியவராக இருந்தார். உங்கள் வீட்டிலே வேலை செய்த அம்மா மௌத்தானால் அவர் எங்கே அடக்கப்பட்டார் என்று நீங்கள் கேட்பீர்களா?

ஒரு கொப்பி வாங்குங்கள்

கபுறிலே எழுதுவதை நம் மார்க்கம் விரும்பவில்லை என்றால் நினைவு எங்கே தங்குவது? வீட்டிலேதான். அதைக் காப்பவர்கள் பெண்கள்தான்.

ஆனால் நம் வீடுகளிலே முதலில் தொலைவது பெண்களின் பெயர்தான். வகுப்பிலே பிள்ளைகளிடம் வாப்பாவின் வாப்பா பெயரைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். உம்மாவின் உம்மாவுடைய உம்மா பெயர் என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். மூத்தம்மா, உம்மும்மா, சாச்சி, மாமி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அவர் மௌத்தாகி இருபது வருடத்திலே பெயரும் கூடவே போய்விடுகிறது. கமரோன் அம்மையாரின் படத்திலே பெயரில்லாமல் நிற்கும் பெண்ணுக்காக வருந்தினோமே, நம் குடும்பத்து அல்பத்திலேயே அப்படி எத்தனை பேர் நிற்கிறார்கள்!

ஆகவே இந்த மாதம் ஒரு கொப்பி வாங்குங்கள். விலை கூடியது வேண்டாம், நூறு பக்கக் கொப்பி போதும். உங்கள் குடும்பத்திலே மௌத்தான ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முழுப் பெயர், தாய் தகப்பன் பெயர், மௌத்தான நாள், எந்த ஊர் மையவாடி, எந்தப் பக்கம், எந்த மரத்தடி என்று எழுதுங்கள். ஓட்டமாவடியிலே அடக்கப்பட்டவர் என்றால் எந்த வரிசை என்பதை எழுதத் தவறாதீர்கள். அடுத்து அவருடைய கடன். கடன் அடைபடும் வரைக்கும் முஃமினுடைய ஆன்மா அதிலே தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. கடைக் கணக்கு, சீட்டுப் பணம், யாரோ பாதுகாக்கக் கொடுத்த நகை என்று எது இருந்தாலும் எழுதித் தீர்த்துவையுங்கள். விடுபட்ட நோன்பு இருந்தால் அதற்கான பரிகாரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நிறைவேற்றுங்கள். அவர் செய்துவந்த நன்மை ஒன்றையும் குறியுங்கள். பக்கத்து லயத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தது, பள்ளிக்கு எண்ணெய் ஊற்றியது என்று எதுவானாலும் சரி. முடிந்தால் அதைத் தொடருங்கள்.

கடைசிப் பக்கத்தை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டியது இருப்பவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையல்ல என்பது நபிமொழியின் கருத்து. நீங்கள் யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் உங்களுக்குத் தர வேண்டும் என்பதை இன்றே எழுதுங்கள். குளிர் நாளிலே அடுப்படியில் சூடாகத் தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்களுக்குப் பேச ஆசை இருக்கிறது. கேட்பாரைத்தான் காணோம். அடுத்த வருடம் கேட்கலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

மலையகத்திலே வாழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அயலிலே மாற்று மதத்துத் தோட்டக் குடும்பங்கள் இருந்தால் அவர்களுக்கும் இந்தப் புத்தியைச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத பாட்டிக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். மரணச் சான்றிதழிலே பெயர் பிழைத்துப் போனதால் சேமலாப நிதிக்கு அலைந்து திரியும் குடும்பங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். சரியாக எழுதப்பட்ட ஒரு பெயர் இறந்தவருக்கு மரியாதை, இருப்பவருக்குச் சோறு.

கல்லிலே பெயர் உள்ளவரையும் இல்லாதவரையும் அல்லாஹ் அறிவான். அவனுக்குக் கல் தேவையில்லை, கொப்பியும் தேவையில்லை. தேவை நமக்குத்தான். நம்மை முந்திச் சென்ற தாய் தகப்பன்மாரின் கபுறுகளை அல்லாஹ் விசாலமாக்கி ஒளிவாக்கி வைப்பானாக. அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையை மறவாத மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக. ஆமீன்.